பெரியவர் போட்ட கையெழுத்து

டெலிபோன் மணி அடித்தது.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பின்கட்டில் மாமியார் கிளியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுநாள் சின்ன மருமகள் சசிரேகாவுக்கு வளைகாப்பு, வீடு முழுக்க வேலை. ராஜாமணி கரண்டியைப் போட்டது போட்டபடி நெல் மூட்டை அடுக்கும் அறைக்கு ஓடினாள். நெல் விளைவது நின்ற பிறகு அந்த அறைதான் அவளுடைய ஆபீஸ். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், கட்டுக்கட்டாக வருகை அட்டைகள்... அவ்வளவுதான் சொத்து.

ரிசீவரை எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"ஆங்... சொல்லு... மெதுவா பேசு. செட்டில்மென்ட் முடிஞ்சிடுச்சு. பெரியவரு நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாரு. ஸ்டாம்ப் ஒட்டி உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி... வளைகாப்பு முடியிற வரைக்கும் இந்த வூட்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அத்தை தாங்கவே மாட்டாங்க... நான் பார்த்துக்கறேன். வை."

வைத்துவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் கிளியம்மாள்! கையில் ஆய்ந்த கீரை அப்படியே இருந்தது.

"யாருடி போன்ல?"

"கணக்கு விஷயம் அத்தை... கம்பெனியில இருந்து..."

"ஓஹோ."

அவ்வளவுதான். கிளியம்மாள் போய்விட்டாள். அவள் வாய் திறந்து நாலு திட்டு திட்டியிருந்தால் ராஜாமணிக்குப் பயமே வந்திருக்காது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், அதெல்லாம் சகஜம். பேசாமல் போனாளே, அதுதான் பயம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரகடம் வட்டாரத்தில் செட்டில்மென்ட் என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். கம்பெனி கேட்டுக்கு உள்ளே ஒருத்தனை வேலையிலிருந்து அனுப்பும்போது, பாக்கிச் சம்பளம், போனஸ், லீவு காசு எல்லாம் கூட்டிக் கையில் கொடுத்து, ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடிக்கிறார்களே, அது செட்டில்மென்ட். ஸ்ரீபெரும்புதூர் பத்திர ஆபீஸுக்குப் போனால், அப்பன் தன் நிலத்தைப் பிள்ளைக்கோ மருமகளுக்கோ எழுதிவைப்பது செட்டில்மென்ட். ரோடு அகலமாகி, வயலெல்லாம் கம்பெனியாகி, புரோக்கர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து சென்ட் கணக்கில் விலை பேச ஆரம்பித்த பிறகு, அந்த இரண்டாவது அர்த்தத்தால் அங்கே எத்தனை குடும்பம் நாசமாய்ப் போயிற்று! கிளியம்மாளின் கூடப் பிறந்த தங்கைக்கே அந்தக் கதிதான். மருமகள் பேருக்கு செட்டில்மென்ட் ஆனது தெரியாமல் இருந்து, இப்போது மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். கிளியம்மாளுக்குத் தெரிந்த செட்டில்மென்ட் அந்த ஒன்றுதான்.

ராஜாமணி போனில் பேசியது முதல் செட்டில்மென்டைப் பற்றி. அதுவும் யாருடையது? அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை, அவள் கொழுந்தன் ஏழுமலையுடையது!

ராஜாமணி மணிமங்கலத்துப் பெண். பி.காம். படித்துத் தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி மறுவருஷமே கிளியம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். படுத்த படுக்கை. மூத்த மருமகள் வேலையை விட்டாள். மலஜலம் எடுத்தாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள், நடக்க வைத்தாள். எழுந்து நடந்த மாமியார் முதல் வேலையாக என்ன கேட்டாள் தெரியுமா? "வேலைய வுடச் சொல்லி நானா சொன்னேன்?" என்று கேட்டாள். ராஜாமணி அதையும் சிரித்து விழுங்கினாள்.

இந்தத் தை மாதம்தான், மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்து கை கொஞ்சம் ஓய்ந்ததும், தன் ஜிமிக்கியை விற்று அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினாள். சின்னச் சின்ன காண்ட்ராக்டர்களுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது, ஆட்களுக்குச் சம்பளம் போட்டுக் கொடுப்பது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுவது... இதுதான் தொழில். "வூட்ல உக்காந்துகினு வூரு சம்பளம் எண்றாளாம்!" என்று கிளியம்மாள் நொடித்தாள். முதலில் வந்தவர் ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர் அப்பாவு. அவரிடம் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள்.

அப்பாவு முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "தோ பாரும்மா, என் ஆளுங்கள்ல பாதிப் பேரு உன் வூரு, உன் சொந்தக்காரங்க. ஒருத்தன் சம்பளம், ஒருத்தன் சங்கதி இன்னொருத்தன் காதுக்குப் போச்சின்னு வெச்சிக்க, அன்னியோட உன்கிட்ட வேலை குடுக்க ஒருத்தனும் வர மாட்டான்." ராஜாமணி தலையாட்டினாள். ஊரே சொந்தமாக இருக்கிற இடத்தில் அந்தத் தொழிலுக்கு வாய்தான் முதல் என்று அவளுக்கும் தெரியும்.

போன மாதக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. கம்பெனி ஒரு உற்பத்தி லைனை மூடுகிறது, இந்த ஆட்களுக்கெல்லாம் கணக்கு முடிக்க வேண்டும். பட்டியலின் நடுவே... ஏழுமலை, தகப்பனார் பெயர் எல்லப்பன்!  தன் கொழுந்தன் வேலை போவதைத் தன் கையாலேயே டைப் அடித்தாள் பாவி. அவனுக்கே தெரியாத சங்கதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் அவன் தட்டில் சோறு போட்டாள்.

கம்பெனியில் சொன்ன அன்று, வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்து ஏழுமலை அந்த நெல் அறைக்கு வந்து குழந்தை மாதிரி அழுதான்.

"உங்களுக்கு முன்னயே தெரியும்ல அண்ணி?"

"தெரியும்ப்பா."

"வூட்ல சொல்லிடாதீங்க அண்ணி... உங்க காலைப் புடிச்சிக்கறேன். சசிக்கு ஏழாவது மாசம். கம்பெனி மாப்பிளைன்னு நம்பித்தான் அவங்கப்பா பொண்ணு குடுத்தாரு. வளைகாப்புக்கு அவரு வந்து நிக்கற நேரத்துல, வேலையில்லாதவன்னு எப்டி அண்ணி அவரு மூஞ்சில முழிப்பேன்? அவ தாய் வூட்டுக்குப் போயி சேரட்டும். அன்னிக்கே நானே சொல்லிடறேன்."

"அழுவாத. என் வாயில இருந்து வராது" என்றாள் ராஜாமணி. அதிலிருந்து தினமும் காலையில் அவன் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதும், வேலை தேடி அலைந்துவிட்டுத் திரும்புவதும், அவள் அதைப் பார்த்துப் பார்த்துப் பதறுவதுமாக நாள் போயிற்று. இப்போதும் ஓ.டி. என்று சொல்லிவிட்டு கும்மிடிப்பூண்டி வரை போயிருக்கிறான். மறுநாள் காலைதான் வருவான். போனில் பேசினது அவன்தான்.

ராஜாமணியின் புருஷன் மோகன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கிளியம்மாள் கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"மோகனு! உங்க நைனாவ இட்டாந்து உக்கார வை. சசி, நீயும் வா. இந்த வூட்ல இன்னா நடக்குதுன்னு எல்லாரும் தெரிஞ்சிக்கங்க."

மாமனார் எல்லப்பன் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கண்ணிலும் புரை.

"இன்னா கிளி... காலங்காத்தால?"

"போன வாரம் உன் பெரிய மருமவ ஒரு பேப்பரை நீட்டி உன்கிட்ட கையெழுத்து வாங்கினாளே, அது இன்னா பேப்பரு?"

எல்லப்பன் முழித்தார். "இங்க போடுங்க மாமான்னா... போட்டேன். எனக்குப் படிக்கவா கண்ணு தெரியுது?"

ராஜாமணி பதறி முன்னால் வந்தாள். "அது பாங்குக்கு மாமா! தொழிலுக்குக் கணக்கு ஆரம்பிக்கறேன்னு சொன்னேனே... இந்த வூட்டு அட்ரஸ் குடுக்கணும்னா வூட்டுக்குச் சொந்தக்காரரு சம்மதிச்சிக் கையெழுத்துப் போடணும்னாங்க..."

"கேட்டியாடா! வூட்டுக்குச் சொந்தக்காரரு கையெழுத்து! அவ வாயாலயே வந்துச்சா?" கிளியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "என் காதால கேட்டேன்டா. செட்டில்மென்ட் முடிஞ்சிடுச்சாம். பெரியவரு கையெழுத்துப் போட்டுட்டாராம். இனிமே ஸ்டாம்ப் ஒட்டி, போன்ல பேசினவன், இவ தம்பியாத்தான் இருப்பான், அவன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கியாம். அத்தைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாளாம்! ரோட்டோரத்து நெலம்டா மோகனு... நமக்குன்னு மிச்சம் இருக்கறதே அதான்... கண்ணு தெரியாத மனுசன்கிட்ட எழுதி வாங்கிட்டாளேடா!"

"அய்யோ அத்தை... நான் சொன்ன பெரியவரு மாமா இல்ல!"

"இந்த வூட்ல வேற எந்தப் பெரியவருடி இருக்காரு?"

மோகன் மனைவியைப் பார்த்தான். கண்ணெல்லாம் தூக்கமில்லாச் சிவப்பு. "ராஜி... இன்னா இதெல்லாம்? அம்மா சொல்ற மாதிரி பேசினியா, இல்லையா?"

"பேசினேங்க. ஆனா அது கம்பெனி செட்டில்மென்ட். வேலைய வுட்டுப் போற ஒரு ஆளோடது."

"எந்த ஆளு?"

ராஜாமணி நிமிர்ந்தாள். எதிரே சசிரேகா, நிறைவயிற்றோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அது... சொல்லக் கூடாதுங்க."

"எங்கம்மா தாங்க மாட்டாங்கன்ற அளவுக்கு அது எந்தக் கம்பெனி ஆளுடி? எனக்கே சொல்லு, கேக்கறேன்!"

ஞாயமான கேள்விதான்.  ஒரே ஒரு பெயர், அதைச் சொன்னால் போதும். சொன்னால் இவள் தப்பித்தாள், நிற்கிற பெண் அங்கேயே விழுந்தாள். ராஜாமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சசிரேகா பொங்கிவிட்டாள். "அக்கா... உங்கள என் கூடப் பொறந்தவளா நெனச்சேனேக்கா! என் புள்ள வயித்துல இருக்கச் சொல்லவே அதோட பங்கைப் புடுங்கிட்டீங்களே! அவரு ராவும் பகலும் ஓ.டி. பார்க்கறாரு... அவருக்கு இது தெரிஞ்சா மனசு வுட்டுடுவாருக்கா..."

அவனுக்கு ஓ.டி.யே இல்லை என்று ராஜாமணி எப்படிச் சொல்வாள்? அழக்கூட முடியவில்லை.

கிளியம்மாள் சாமி மாடத்திலிருந்து தட்டை எடுத்துவந்தாள். கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். "ஒண்ணும் வாணாம்டி. செட்டில்மென்ட்னு நான் சொல்லல, பெரியவரு கையெழுத்துப் போட்டுட்டாருன்னு சொல்லல, வூட்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லல... மூணையும் சொல்லிக் கற்பூரத்தை அடிச்சி சத்தியம் பண்ணு. உன் காலைக் கழுவிக் குடிக்கறேன்!"

தீ எரிந்தது. ராஜாமணி கையை நீட்டினாள். நீட்டின கை பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்றையும் அவள் சொன்னாளே! சொன்னதைச் சொல்லவில்லை என்று தெய்வத்துக்கு முன்னால் எப்படி அடிப்பாள்?

"முடியாது அத்தை... நான் சொன்னது நெஜம்தான். ஆனா சத்தியமா அது நெலம் இல்ல."

"பார்த்தியாடா! கை வரல பாரு... கை வரல!"

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. மோகன் நேராக நெல் அறைக்குள் போனான். கம்ப்யூட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஏங்க... நாளைக்கு சாயந்திரம் சம்பளப் பட்டியல் குடுத்தாவணுங்க! சங்கரன்கோவிலு, திசையன்விளையில இருந்து வந்து ரூம்ல தங்கிகினு இருக்கற பசங்கங்க... வாடகைக்கே அந்தச் சம்பளம்தான்..."

"காத்துகினு இருக்கட்டும். மொதல்ல என் தம்பி பங்குக்குப் பதில் சொல்லு."

அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. மாமியார் ஆயிரம் சொல்லட்டும். கூடப் படுத்துக் கூட எழுந்த மனுஷன், அவனுமா? எல்லப்பன் மட்டும், "அந்தப் பொண்ணு அப்டி செய்யாதுடா..." என்று முனகினார். யார் கேட்டார்கள்?

"சின்னவன் வந்தா வளைகாப்பு முடியிற வரைக்கும் ஒருத்தரும் அவன் காதுல போடாதீங்க" என்றாள் கிளியம்மாள். "வெட்டுக்குத்து ஆயிடும். சம்பந்தி முன்னால மானம் போயிடும்." அதைக் கேட்டு ராஜாமணிக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்தது. இதே வளைகாப்புக்காகத்தானே அவளும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்!

பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போனால், எழுதி வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்பார்கள். பேசாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கலவை சாதத்துக்குப் புளி கரைத்தாள், தேங்காய் துருவினாள், எள்ளை வறுத்தாள். அப்பாவுவுக்கு என்ன பதில் சொல்வது? சம்பளம் ஒரு நாள் தள்ளினால் அந்தப் பசங்கள் நேராக அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அவர் இன்னொரு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதோடு எல்லாம் தீர்ந்தது. எள் கருகி நாறியபோதுதான் அவளுக்கு நினைவு திரும்பியது.

மறுநாள் வாலாஜாபாத்திலிருந்து சசிரேகாவின் தாய் வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். தாம்பாளம் தாம்பாளமாகக் கண்ணாடி வளையல், பூ, பழம், பட்டுப்புடவை. ஏழுமலை விடியலில் வந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வந்தவர்களை விழுந்து விழுந்து உபசரித்தான். அடுப்படிப் பக்கம் வந்தவன், "இன்னா அண்ணி, கண்ணு இப்டி வீங்கியிருக்கு?" என்று கேட்டான்.

"பொகைப்பா... போ, மாமனாருக்குக் காப்பி குடு."

சசிரேகாவை மணையில் உட்கார வைத்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, கிளியம்மாள் முதல் வளையலைப் போட்டாள். அடுத்து ஓரகத்தி போட வேண்டும், அதுதான் முறை. "ராஜாமணி எங்க? கூப்பிடுங்க!" என்றாள் சம்பந்தியம்மாள்.

ராஜாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தாம்பாளத்திலிருந்து சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று எடுத்தாள்.

"வை அதை கீழ."

கிளியம்மாள் சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது. "உன் கை வாணாம். என் பேரப்புள்ளைக்கு உன் கை பட வாணாம்."

 சசிரேகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராஜாமணி வளையல்களைத் தாம்பாளத்தில் சத்தம் வராமல் வைத்தாள்.  அத்தனை பேர் பார்க்க அடுப்படிக்குத் திரும்பி நடந்தாள்.

"அம்மா!"

வாசலில் நின்ற ஏழுமலை பாய்ந்து உள்ளே வந்தான். "அண்ணிய இன்னா சொன்னே? யாரைப் பார்த்து இன்னா பேசறே நீ?"

"போடா அந்தப் பக்கம்... அப்புறம் சொல்றேன்..."

"இப்ப சொல்லு!"

கிளியம்மாளும் எத்தனை நேரம்தான் அடக்குவாள்? உடைந்துவிட்டாள். "கேளுடா! இந்த மவராசி உங்க நைனாகிட்ட நெலத்தை செட்டில்மென்ட் எழுதி வாங்கிட்டாடா! உன் பங்கும் போச்சிடா பாவி! நேத்து போன்ல பேசிகினு இருந்தா, என் காதால கேட்டேன். பெரியவரு கையெழுத்துப் போட்டுட்டாருன்னா..."

ஏழுமலை திரும்பினான். அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தலையைக் குனிந்தான்.

"அய்யோ... அய்யோ அம்மா! அது என் செட்டில்மென்ட்மா!"

"உன்னுதா?" கிளியம்மாள் திகைத்தாள். "அப்ப நைனா உன் பேருக்கா எழுதிட்டாரு? நீயுமாடா கூட்டு?"

"நெலம் இல்லம்மா..."

"ஏழுமலை, வாணாம்!" ராஜாமணி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "வாணாம்ப்பா... இப்ப வாணாம்... சசியப் பாரு..."

"வுடுங்க அண்ணி! இதுக்கு மேலயும் நான் பேசாம இருந்தா நான் மனுசனே இல்ல!" கையை உதறிவிட்டு, மாமனார் முன்னால் போய் நின்றான். "மாமா... எனக்கு வேலை போயி இருவது நாளு ஆவுது. லைனை மூடிட்டாங்க. கணக்கு முடிச்சி அனுப்பறாங்க. அதுக்குப் பேருதான் செட்டில்மென்ட். கையெழுத்துப் போட்ட பெரியவரு எங்க காண்ட்ராக்டர் அப்பாவு. அந்தக் கணக்கைப் போட்டது அண்ணி. போன் பண்ணது நான்... யாருக்கும் சொல்லாதீங்கன்னு காலைப் புடிச்சதும் நான்..."

முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

வாலாஜாபாத்து மாமனார் எழுந்தார்.  அவர் மருமகன் தோளில் துண்டைப் போட்டு இழுத்து உட்கார வைத்தார்.

"கம்பெனி ஒண்ணா ரெண்டா மாப்ளே? இது போனா இன்னொண்ணு. அதுக்குப் போயி, வூட்டுப் பெரிய பொம்பளைய இத்தினி பேரு முன்னால நிக்க வெச்சி... இன்னாங்க இது?"

சசிரேகா மணையிலிருந்து எழப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். "அக்கா... நேத்து நான் அந்தப் பேச்சுப் பேசச் சொல்லகூட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா! எனக்காகத்தானேக்கா... வாங்கக்கா, நீங்க போடுங்கக்கா... நீங்க போடாம எனக்கு வாணாம்..."

கிளியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "ஏண்டி... கற்பூரம் கொளுத்தினேனே... அப்பவாவது அவன் பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அத்தனை வருஷமாய் எதிர்த்துப் பேசாத ராஜாமணிக்கு அப்போதுதான் அழுகை பீறிட்டது.

"எப்டி அத்தை சொல்லுவேன்? என்கிட்ட ஒருத்தர் கணக்குக் குடுக்கறாங்கன்னா என் வாயை நம்பித்தான் குடுக்கறாங்க. எனக்கு ஆபத்து வந்ததும் அவங்க பேரை எடுத்துப் போட்டுட்டுத் தப்பிச்சிக்கறதுக்கு இன்னாத்துக்கு அந்தத் தொழிலு? சரி... அது வெளி விவகாரம், உங்களுக்கு வாணாம். படுக்கையில கெடந்தீங்களே, அந்த ஒரு வருஷம்... உங்க கழுத்துல, காதுல கெடந்த நகையெல்லாம் என்கிட்டதானே கழட்டிக் குடுத்தீங்க! ஒரு குண்டுமணி கொறைஞ்சிதா? அப்ப என் கை நல்ல கையா இருந்திச்சே அத்தை... இன்னிக்கு ஏன் வாணாம்னீங்க?"

கிளியம்மாள் தத்தித் தத்தி எழுந்துவந்து அந்த இரண்டு கையையும் பிடித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் நாக்கு அழுவிப் போவ... என் தாயி! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் என் தங்கச்சி பட்ட பாடுதாண்டி... அந்த வார்த்தையக் கேட்டதும் புத்தி கெட்டுப் போச்சி... என்னை ரெண்டு அடி அடிச்சிடுடி..." என்று மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ராஜாமணியும் அழுதாள். சம்பந்தியம்மாள்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு, "போதும், போதும். மாசமா இருக்கற பொண்ணு முன்னால... வளையலப் போடுங்க" என்று அதட்டினாள். ராஜாமணி போட்டாள். கை நிறையப் போட்டாள்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மோகன் கொட்டகையிலிருந்து கம்ப்யூட்டரைத் தூக்கிவந்தான். தூசி துடைத்தான். எந்த ஒயர் எங்கே என்று தெரியாமல் திண்டாடினான். ராஜாமணி வந்து வாங்கிச் செருகினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"ராஜி..."

"அத்தை சொன்னதுகூடப் பரவால்லங்க. 'என் தம்பி பங்கு'ன்னு கேட்டீங்க பாருங்க... அது ஆற நாளாவும்."

"ஆறட்டும். எத்தினி நாளானாலும் நான் காத்துகினு இருக்கேன்." அவன் அட்டைக் கட்டைப் பார்த்தான். "சம்பளப் பட்டியல் குடுக்கணும்னியே... கார்டை நான் எடுத்து எடுத்துப் படிக்கட்டா? சீக்கிரம் முடியும்."

"வாணாம். அதை நீங்க பாக்கக் கூடாது." சொல்லிவிட்டு, அவன் முகம் வாடியதைப் பார்த்து அவளே இரங்கினாள். "வேணும்னா வாசப்படியில உக்காந்துக்கங்க. உள்ள யாரும் வராம பார்த்துக்கங்க."

ஒரு லைனையே விரட்டி வேலை வாங்குகிற சூப்பர்வைசர், மனைவியின் ஆபீஸ் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான். உள்ளே ராஜாமணி அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அடித்துக்கொண்டே போனாள். நேரம் நெருக்கியது. அப்பாவுவின் ஆள் எந்த நிமிஷமும் வந்துவிடுவான்.

சசிரேகாவை ஏற்றிக்கொண்டு வேன் போயிற்று. தாம்பூலப் பையை வாங்கிக்கொண்ட பிறகும் எதிர்வீட்டுக்காரி போகாமல் நின்றாள். கிளியம்மாள் காதருகே குனிந்தாள்.

"ஏன் கிளியக்கா... சின்னவனுக்கு செட்டில்மென்ட் எவ்ளோ வந்திச்சாம்? பெரிய தொகையா? உங்க ராஜாமணிதானே கணக்குப் போட்டுது, அதுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

கிளியம்மாளுக்கும் அதைத் தெரிந்துகொள்ளக் காலையிலிருந்து நாக்கு துடித்துக்கொண்டுதான் இருந்தது. நெல் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். மூடின கதவு, வாசற்படியில் மூத்த பிள்ளை.

"அவளுக்குத் தெரியும்" என்றாள். "அவ சொல்ல மாட்டா. நானும் கேக்க மாட்டேன். எங்க வூட்ல அந்தப் பழக்கம் கெடையாது. போ, போயி உன் வேலையப் பாரு."

உள்ளே ராஜாமணியின் விரல்கள் நின்றன. அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளின் பெயரை அடித்தாள்.